அரக்கு வைத்த உறை

எளாவூர் ஸ்டேஷனில் சூலூர்ப்பேட்டை வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். கும்மிடிப்பூண்டிவரை வருகிற மின்ரயில்கள் ஏராளம். அதைத் தாண்டி எங்கள் ஊரைத் தொட்டுப் போகிறவை சொற்பம். ஆகையால் எளாவூர்க்காரனுக்குக் காத்திருக்கத் தெரியும். மேற்கே சோதனைச்சாவடியை நோக்கி ஊர்கிற லாரிகளின் இரைச்சல். கிழக்கே சுண்ணாம்புக்குளம் பக்கமிருந்து பழவேற்காட்டு ஏரிக்காற்று. நடுவில் கைபேசி சிணுங்கியது.

ஒரு பல்கலைக்கழகம். மூத்த பேராசிரியர் பதவி உயர்வு ஒன்றுக்கு என் மந்தணக் கருத்து தேவையாம். விண்ணப்பதாரரின் பத்துக் கட்டுரைகள் ஓர் இணைப்பில் இருக்கின்றன, ஏழு நாளில் அந்த இணைப்பு காலாவதியாகிவிடும். அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி: இது தானாக அனுப்பப்படும் அஞ்சல், பதில் எழுத வேண்டாம். கருத்தையும் கேட்டு, பதில் எழுதாதே என்றும் சொன்ன கடிதத்தை என் எழுபது வயதில் அன்றுதான் பார்த்தேன்.

இதை இங்கே எழுதுவதே மந்தணத்தை உடைப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயம்தான். அதனால் பல்கலைக்கழகம் எது, ஆள் யார் என்பதெல்லாம் இந்தக் கட்டுரையில் வராது. சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். ஆணா பெண்ணா என்பதை நம் ‘அவர்’ பார்த்துக்கொள்ளும். இந்த வேலைக்கென்றே செய்தது போன்ற சொல் அது.

மந்தணம் என்ற சொல்லும் அப்படித்தான், ரகசியம் என்று பொருள். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு வெளியே அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அது அறிமுகமானது 1987இல். அப்போது நான் விலங்கியல் விரிவுரையாளர். பணியில் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் பதிவாளர் அறையிலிருந்து ஆள் வந்தது. போனேன்.

“நீங்க டைப்ரைட்டிங் ஹையர் பாஸாமே?”

“ஆமாம் சார்.”

“இங்கிலீஷா, தமிழா?”

“ரெண்டும் சார்.”

“கதவைச் சாத்திட்டு உட்காருங்க.”

விஷயம் இதுதான். மந்தணப் பிரிவில் தட்டச்சு செய்கிறவர், பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்த ஒருவருக்கு மைத்துனர். அவர் கையால் அந்தக் கடிதங்கள் போகக் கூடாது. அந்தக் கோடையில் மூன்று வாரம் நான் பாடம் நடத்தவில்லை, கடிதம் அடித்தேன்.

அந்தக் காலத்துக்கு இந்த வேலையே புதிது. அதுவரை துறைக்கு ஒரு பேராசிரியர். அவர் ஓய்வு பெற்றால்தான், அல்லது கண்ணை மூடினால்தான், அடுத்தவருக்கு நாற்காலி. எத்தனையோ பேர் விரிவுரையாளராகச் சேர்ந்து விரிவுரையாளராகவே மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பல்கலைக்கழக மானியக்குழுவின் தகுதிப் பதவி உயர்வுத் திட்டம் 1983இல் வந்தது. 1986 ஜனவரியிலிருந்து பணி மேம்பாட்டுத் திட்டம். நாற்காலி காலியாகாமலே ஆள் உயரலாம் என்று ஆனபோது, யார் உயரத் தக்கவர் என்று வெளியே கேட்க வேண்டிவந்தது.

எப்படிக் கேட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அது யாருக்கும் நினைவில்லை. துறைத்தலைவர் எட்டுப் பத்துப் பெயர் எழுதிக் கொடுப்பார். துணைவேந்தர் பச்சை மையில் மூன்று பெயருக்கு எதிரே டிக் போடுவார். எந்த மூன்று என்பது துறைத்தலைவருக்கே தெரியாது என்பது விதி. அந்த மூவருக்கும் கடிதம், கார்பன் தாள் வைக்காமல். நகல் இருந்தால்தானே கசியும். விண்ணப்பதாரரின் ரீப்ரிண்டுகளைச் சணல் கயிற்றில் கட்டி உடன் வைப்போம். ரீப்ரிண்ட் தீர்ந்துபோயிருந்தால் ஜெராக்ஸ். அன்றைக்கு அது ஆடம்பரம், அதற்குத் தனி அனுமதி. பதில் வைத்து அனுப்ப உள்ளுறை ஒன்று, அதைப் போட வெளியுறை ஒன்று. உள்ளுறையில் அனுப்புநர் பெயர் இருக்கக் கூடாது.

கடைசியில் அரக்கு. மெழுகுவத்தியில் காட்டினால் முதலில் புகையும், பிறகு சிவப்பாகச் சொட்டும். பித்தளை முத்திரையை எச்சில் தொட்டு அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் அரக்கு முத்திரையோடு எழுந்து வந்துவிடும். பதிவாளர் அதைத் தானே செய்வார். பெரிய படிப்பாளி, எச்சில் தொடுகிறபோது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். 2025இல் அந்தப் பதிவுத் தபாலையும் விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு அரக்கு வாசனை வந்தது.

கடிதத்தில் நாங்கள் கேட்டது ஒரே கேள்வி. இணைத்துள்ள ஆய்வுகளைப் பார்த்து, இவர் பேராசிரியராகத் தகுதியுடையவரா என்று தங்கள் ஒளிவுமறைவற்ற கருத்தைத் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான். கெடு கிடையாது. இரண்டு மாதம் கழித்து நினைவூட்டு ஒன்று, நாலு மாதத்தில் நினைவூட்டு இரண்டு, பிறகு பதிவாளர் தன் பெயரிலேயே கெஞ்சி ஒரு கடிதம்.

பதில்களை நான் பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார், அதில் இரண்டேகால் பக்கம் தன்னைப் பற்றி. இன்னொருவர் விண்ணப்பதாரரின் குடும்பம் நல்ல குடும்பம் என்று சான்று கொடுத்திருந்தார். மூன்றாமவர் நாலே வரி. கட்டுரைகளைப் படித்தேன், நான்காவது கட்டுரையில் உப்புத்தன்மை அட்டவணையின் ஒரு பத்தி இடம் மாறி அச்சாகியிருக்கிறது, முடிவு அதனால் கெடவில்லை, முதலாவது கட்டுரை நான் எழுதியிருக்க வேண்டியது, உயர்த்துங்கள். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவில்லை. ஆனால் கட்டுரைகளை உண்மையாகவே படித்தவர் அவர் ஒருவர்தான் என்பது அட்டவணையைச் சொன்ன இடத்தில் தெரிந்துவிட்டது. அந்த நாலு வரிதான் ஆட்சிக்குழுவில் எடுபட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த அரக்கும் இரட்டை உறையும் யாரிடமிருந்து எதை மறைத்தன? எங்கள் துறையில் கழிமுகத்தையும் காயலையும் ஆராய்ந்தவர்கள் அன்றைக்கு நாடு முழுக்கவே ஒரு பஸ் கொள்கிற அளவுதான். பரங்கிப்பேட்டை, கொச்சி, வால்டேர், சென்னை என்று நாலைந்து இடம். பழவேற்காடு என்றால் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவராஜ் பெயரைச் சொல்லாமல் பேச்சு நகராது. ஏரிக்கரையிலேயே ஆய்வுக்கூடம் வைத்துப் பல்லாண்டு உழைத்தவர். ஏரியின் உயிரினங்களைப் பற்றிய அவருடைய தொகுப்பைத் தேசிய பல்லுயிர் ஆணையம் 2006இல் வெளியிட்டது. இப்படி எண்ணிச் சொல்லக்கூடிய கூட்டத்தில், ஒருவர் மற்றவருக்குக் குருவாக இருப்பார், அல்லது பங்காளியாக இருப்பார், அல்லது பகையாளியாக. தட்டச்சுப் பொறியில் ஆங்கில ‘e’ எழுத்தின் கண் அடைந்திருந்தால் போதும், இது இன்னார் அறையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில்தான் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் ஏரியில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் உண்டு. பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் அதற்குப் ‘பாடு’ என்று பெயர். ஏரியில் இறால் ஓடும் இடங்கள் சிலவே. எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறைவைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வு அதை விவரமாகச் சொல்கிறது. பாட்டில் சேர ஓர் இளைஞனுக்குத் தகுதி வந்துவிட்டதா என்பதும் ஊர் முன்னால் தீர்கிற விஷயம். அங்கே அரக்கு கிடையாது. அவன் வலை கட்டுகிற லட்சணம் எல்லாருக்கும் தெரியும். எதிர்ப்பு இருந்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, ஆகா, மீனவர் பஞ்சாயத்தைப் பார்த்துப் பல்கலைக்கழகம் கற்றுக்கொள்ளட்டும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பாட்டில் இடம் பிறப்பால் வருவது; பெண்களுக்குக் கிடையாது; ஏரியை நம்பியே வாழ்கிற மற்றச் சாதியாருக்கும் இருளருக்கும் கிடையாது. அதை வைத்து நடந்த சண்டைகளும் கொஞ்சமல்ல. சபை திறந்திருந்தால் மட்டும் நியாயம் வந்து உட்கார்ந்துவிடாது. ஒன்றுதான் சொல்ல வந்தேன்: தீர்ப்புச் சொல்கிறவன் தண்ணீரில் இறங்கிப் பார்த்தவன் என்பதாவது அங்கே உறுதி.

பல்கலைக்கழகக் கடிதத்தில் அந்த உறுதி என்றைக்குமே கிடையாது. அதற்கு நூறாண்டுக்கு முந்தைய சாட்சி, எளாவூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிச் சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது. 1912 பிப்ரவரியில் சீனிவாச ராமானுஜன் துறைமுகக் கழகத்துக்கு எழுத்தர் வேலை கேட்டு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த நற்சான்றையும் உடன் வைத்தார். அது திறந்த சான்று. சம்பந்தப்பட்டவரே கையில் எடுத்துப் போவது; அதில் குறை எழுதியிருந்தால் அவர் ஏன் கொண்டுபோகப் போகிறார்? மார்ச் முதல் தேதி வேலை கிடைத்தது, சம்பளம் முப்பது ரூபாய்.

அதே ஆண்டின் கடைசியில் நடந்தது வேறு ரகம். சென்னைப் பொறியியல் கல்லூரியின் கிரிஃபித், இந்த எழுத்தர் மேதையா, அல்லது வேறு ஏதாவதா என்று தெரியாமல், லண்டனில் தனக்குக் கற்பித்த பேராசிரியர் ஹில்லுக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். டிசம்பரில் ஹில்லின் பதில் வந்தது. கணிதத்தில் ருசியும் ஓரளவு திறமையும் இருக்கிறது, ஆனால் விரிதொடர்களில் சறுக்கி விழுந்திருக்கிறார், இன்ன புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். ஹில் நேர்மையானவர், நேரம் செலவிட்டுப் படித்தார், தன் கண்ணுக்கு எட்டியதை எழுதினார். எட்டாததுதான் முக்கியமாக இருந்தது. 1913 பிப்ரவரி கடைசியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தார். ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். மறுநாள், 26ஆம் தேதி, சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர் ட்யூஸ்பரிக்கு எழுதினார். வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர்தான், ஆனாலும் இந்தக் கணிதத்தைத் தீர்மானிக்கத் தான் தகுந்த ஆள் இல்லை என்பதை மறைக்கவில்லை. பல்கலைக்கழகம் இவரைச் சில ஆண்டு சோற்றுக்கவலை இல்லாமல் கணிதம் செய்ய விட வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். மே முதல் தேதியிலிருந்து மாதம் 75 ரூபாய், இரண்டாண்டு உதவித்தொகை. பட்டம் இல்லாத ஒருவருக்கு.

ஒரே ஆளைப் பற்றி இரண்டு கடிதங்கள், மூன்று மாதத்துக்குள். ஹில்லிடம் கேட்ட கேள்வி, இந்தக் கணக்குகள் சரியா என்பது. வாக்கர் எடுத்துக்கொண்ட கேள்வி, இந்த மனிதரை என்ன செய்வது என்பது. மந்தணக் கடிதம் கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும், கேள்வியை எழுதுவதற்கு முன் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றும். யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

என் முறை 1999இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் மானியக்குழு அறிவிப்பு, பேராசிரியராக உயர விரும்புகிறவர் தன்னுடைய எழுத்தில் எவை சிறந்த மூன்று என்று தானே தேர்ந்து, மூன்று படி கொடுக்க வேண்டும் என்றது. வல்லுநர்கள் அவற்றை முன்கூட்டியே படித்துவிட்டுத் தேர்வுக்குழுவுக்கு வர வேண்டும். நல்ல விதி. எண்ணிக்கை காட்டுகிறவனை அது சங்கடப்படுத்தும், ஒன்றிரண்டு உருப்படியாகச் செய்தவனைக் காப்பாற்றும். மடவை மீனின் இரைப்பையைப் பற்றிய என் கட்டுரையை முதலாவதாக வைத்தேன். ஏரியின் மேற்கோரத்தில், அண்ணாமலைச்சேரிப் பக்கம், பதினெட்டு மாதம் வலைக்காரர்களோடு அலைந்து எழுதியது.

எனக்கு அந்த வருஷம் கிடைக்கவில்லை. பிரிவிலிருந்து ஒருவர் காதோடு காதாகச் சொன்னார்: “மூணுல ஒண்ணு சரியில்லை சார்.” அதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை. மூன்று பேர் யாராக இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் இருந்தது. அதில் யார் அந்த ஒருவர் என்பதிலும் ஊகம் இருந்தது. கருத்தரங்கில் அவர் எதிரே வந்தால் காபி வாங்கப் போய்விடுவேன். பத்து வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு கல்யாணப் பந்தியில், ஓய்வு பெற்றுவிட்ட அந்தப் பிரிவு அலுவலர் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் பெயரைச் சொன்னேன். ரசத்தைக் குடித்துவிட்டு, “சேச்சே, அவரில்லை சார்,” என்றார். “அவர் எழுதினதாலதான் உங்களுக்கு அடுத்த தடவையாவது கிடைச்சுது.” அந்த நல்ல மனிதர் அதற்கு இரண்டாண்டு முன்பே காலமாகிவிட்டிருந்தார். அரக்கு எழுதினவரைக் காப்பாற்றும் என்பார்கள். இவரை என்னிடமிருந்து அது காப்பாற்றவில்லை.

2010இல் கடிதத்தின் இடத்தை மதிப்பெண் பிடித்துக்கொண்டது. இந்தக் காலத்தைப் பற்றி நீட்ட எனக்கு விருப்பமில்லை. நடுவர் பார்வைக்குட்பட்ட இதழில் கட்டுரை ஒன்றுக்கு 15, கருத்தரங்கத் தொகுப்பில் வந்தால் 10 என்று ஓர் அட்டவணை. படிக்க வேண்டியதில்லை, கூட்டினால் போதும். எங்கள் ஸ்டேஷன் சாலையில் பிளெக்ஸ் அடிக்கிற கடைக்காரர்கூட ஐஎஸ்எஸ்என் எண் என்றால் என்ன என்று தெரிந்துவைத்திருந்தார். பணம் கட்டினால் பத்து நாளில் அச்சேற்றும் இதழ்கள் காளான்போல் முளைத்தன. பாரபட்சத்தை ஒழிக்க வந்த அட்டவணை அது, ஒழித்ததென்னவோ வாசிப்பை. அந்த நாளில் கடிதம் கேட்டு யாரும் என்னிடம் வரவில்லை. வந்தவர்களும், மதிப்பெண் தாளில் கையெழுத்துதான் கேட்டார்கள்.

இதற்கிடையில் உறையின் அரக்கை வேறொரு கை உரித்துக்கொண்டிருந்தது. 2005இல் தகவல் உரிமைச் சட்டம். 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லைச் சாலைப் பொறியாளர் ஒருவரின் மந்தண அறிக்கையில் ஓராண்டு ‘நன்று’ என்று எழுதிவிட்டார்கள். பதவி உயர்வுக்கு வேண்டியது ‘மிக நன்று’. ஆகவே நன்று என்பதே கெடுதல் ஆகிவிட்டது, அதுவும் அவருக்குத் தெரியாமல். எந்தக் குறிப்பானாலும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். 2011இல் சிபிஎஸ்இ வழக்கில், மாணவர் தன் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம், திருத்தியவர் யார் என்பது மட்டும் வெளிவரக் கூடாது என்று ஒரு கோடு கிழித்தது. அமெரிக்காவில் இந்தச் சண்டை முன்பே நடந்துவிட்டது. வார்ட்டன் பள்ளியில் நிலைப்பணி மறுக்கப்பட்ட ரோசலி டங், பாகுபாடு நடந்தது என்று முறையிட, ரகசியக் கடிதங்களைக் காட்ட மாட்டோம் என்றது பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அப்படி ஒரு தனிச்சலுகை கிடையாது என்று 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் தன்னைப் பற்றிய கடிதங்களைக் கேட்டு வாங்கினார். பெயர், முகவரி, கையெழுத்து எல்லாவற்றையும் கறுப்பு மார்க்கரால் அடித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் கடிதத்தின் இரண்டாம் வரியைப் படித்ததுமே அவர் சிரித்துவிட்டார். ‘இருந்தபோதிலும்கூட’ என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று சொல்லைச் சேர்த்து எழுதுகிறவர் இந்தத் துறையில் ஒரே ஒருவர். மார்க்கருக்கு அது தெரியவில்லை.

உறை திறக்கப்படும் என்ற பயம் வந்த நாளிலிருந்து கடிதங்களின் மொழி மாறியது. திட்டுவது நின்றது, நல்லதுதான். கூடவே உப்புத்தன்மை அட்டவணையும் நின்றது. எல்லாரும் சிறப்பானவர், தலைசிறந்தவர், உலகத்தரமானவர். தேவ் தத்தின் ‘நன்று’ எப்படிக் கெட்ட வார்த்தை ஆனதோ அப்படியே இங்கேயும் ஆயிற்று: திறமையானவர் என்று மட்டும் எழுதினால் வேண்டாம் என்று பொருள். புகழிலும் ஒரு வகைப் பிரிவினை உண்டு. அமெரிக்க மருத்துவப் பள்ளி ஒன்றுக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ட்ரிக்ஸ், ப்ஸெங்கா என்ற இருவர் ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். பெண்களுக்கானவை சராசரியில் குட்டையாக இருந்தன; ஆண்களுக்கு ஆராய்ச்சி, பெண்களுக்குக் கற்பித்தலும் உழைப்பும் என்று சொற்கள் பிரிந்து நின்றன. நான் எழுதிய பழைய கடிதங்களின் வரைவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பெண் விரிவுரையாளர் ஒருவரை ‘ஒத்துழைப்பவர்’ என்று இரண்டு முறை எழுதியிருந்தேன். ஆண்கள் யாரையும் ஒரு முறைகூட அப்படி எழுதவில்லை. அவர்கள் ஒத்துழைக்கவில்லை என்பதும் உண்மை.

2018 ஜூலையில் மானியக்குழு அந்த மதிப்பெண் அட்டவணையைப் பெரும்பாலும் கைவிட்டது. மூத்த பேராசிரியர் என்ற புதிய படியை வைத்தது. பேராசிரியராகப் பத்தாண்டு ஆகியிருக்க வேண்டும், சிறந்த பத்துக் கட்டுரைகள் பார்க்கப்படும், கடைசிப் பத்தாண்டில் குறைந்தது இருவர் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். இவற்றோடு, மூத்த பேராசிரியராகவோ பத்தாண்டு அனுபவமுள்ள பேராசிரியராகவோ உள்ள மூன்று வல்லுநர்களின் சாதகமான கருத்து. சுற்றிவந்து மறுபடி மூன்று கடிதம். எனக்கு மகிழ்ச்சிதான். ‘சாதகமான’ என்ற சொல் மட்டும் உறுத்துகிறது. பழைய கடிதம் ஒளிவுமறைவற்ற கருத்தைக் கேட்டது. இது விடையையும் சேர்த்தே கேட்கிறது. சாதகமாக எழுதுவார் என்று தெரிந்தவரைத்தானே பிறகு தேடுவார்கள்?

தேடுவதும் இப்போது எளிது, ஏமாறுவதும் எளிது. அன்றைக்குக் கையெழுத்தையும் லெட்டர்பேடையும் பார்த்து ஆளை அறிந்தோம். இன்றைக்கு ஒரு மின்னஞ்சல் முகவரிதான் ஆள். ஆய்விதழ் உலகில் அதன் விளைவு 2014இலேயே வெடித்தது: சேஜ் பதிப்பகத்தின் அதிர்வியல் இதழ் ஒன்று, போலி நடுவர் முகவரிகளால் தேறிய 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பதவி உயர்வில் அப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கடிதத்தை எந்திரத்திடம் சொல்லி எழுதி வாங்குகிறார்கள் என்பது படித்த மாத்திரத்தில் தெரிகிறது. எந்த ஏரிக்கும் எந்த மீனுக்கும் பொருந்துகிற வாக்கியங்கள்.

வீட்டுக்கு வந்து கணினியில் அந்த இணைப்பைத் திறந்தேன். பதினான்கு கட்டம். ஆய்வின் புதுமை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள். சமூகப் பயன், ஒன்றிலிருந்து ஐந்துக்குள். தேசியத் தாக்கம், சர்வதேசத் தாக்கம், அதே ஐந்து. கருத்துக்கு 300 சொல். எந்தக் கட்டத்திலும், இதைப் படித்தீர்களா என்று கேட்கவில்லை.

படித்தேன், மூன்று ராத்திரி. பத்தில் ஏழு சுமார். இரண்டு நன்று, பழைய பொருளில் நன்று. ஒன்று என்னை எழுந்து உட்கார வைத்தது. முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்கிற மாதங்களில் மடவைக் குஞ்சுகள் ஏரிக்குள் எங்கே ஒதுங்குகின்றன என்பது பற்றியது. என் பதினெட்டு மாதத்தில் எனக்குப் பிடிபடாமல் போனது அதுதான். அவர் சொல்கிற இடத்தை நான் அறிவேன். மறுநாள் காலையில் பஸ் பிடித்து ஏரிக்குப் போய், அந்த ஓரத்தில் வலை வைக்கிற ஒரு பெரியவரிடம், கட்டுரை என்றெல்லாம் சொல்லாமல், சும்மா விசாரித்தேன்.

“ஆமாம் வாத்தியாரே, அடைச்ச தண்ணியில குஞ்சு அங்கதான் கெடக்கும். இது தெரியாதா உனக்கு?”

தெரியாது என்றேன்.

300 சொல்லில் அதை எழுதினேன். நான்காம் படம் தலைகீழாக அச்சாகியிருப்பதையும் எழுதினேன். பொத்தானை அழுத்தினால் போகவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்தது, பதினான்காம் கட்டம் நிரப்பப்படவில்லை. விண்ணப்பதாரரையோ குடும்பத்தாரையோ தாங்கள் தனிப்பட்ட முறையில் அறிவீர்களா? ஆம், இல்லை.

அவர் என் மாணவர் அல்ல. நாங்கள் சேர்ந்து ஒரு வரியும் எழுதியதில்லை. ஆனால் ஏரியோரத்துப் பிள்ளை. நான் வலைக்காரர்களோடு அலைந்த காலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் பல நாள் சாப்பிட்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் பையோடு ஒரு குழந்தை குறுக்கும் நெடுக்கும் ஓடும். ஏரியை அறிந்த பேராசிரியர் வேண்டும் என்றால், ஏரிக்காரர்களை அறியாத ஒருவரை எங்கே போய்ப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

‘ஆம்’ என்பதைத் தொட்டேன். நான் எழுதிய 300 சொல்லும் மறைந்தன. அரை மணியில் அஞ்சல் வந்தது. தங்கள் நேர்மைக்கு நன்றி, வேறொரு வல்லுநரை அணுகிக்கொள்கிறோம், இது தானாக அனுப்பப்படும் அஞ்சல், பதில் எழுத வேண்டாம்.